வீரனும் ஐயமும்: அதிமானிட வீரப்படங்களும் மர்மப்படங்களும் - ஒரு வரலாற்று நோக்கு

இன்றைய உலகிலே மிகப் பெருந்தொகையான மக்களைப் படமாளிகைக்கு ஈர்க்கும் திரைப்பட வகைகளை எடுத்து நோக்கின், அவற்றுள் இரண்டு முன்வரிசையில் நிற்கக் காணலாம். ஒன்று, இயற்கையை மீறிய ஆற்றலோ விசித்திர வேடமோ பூண்ட வீரனொருவன் தீயோரை அடக்கி நல்லோரைக் காக்கும் அதிமானிட வீரப்படம். மற்றது, 'திறிலர்' என வழங்கும் மர்மப்படம். குற்றம், சதி, தேடல், துரத்தல் ஆகியவற்றின் வழியே பார்ப்போரை ஐயத்திலும் அச்சத்திலும் ஆழ்த்துவது அதன் இயல்பாகும். கற்றறிந்தோர் பலர் இவ்விரண்டையும் வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளி வந்தனர். இரசிகரோ, குறைகூறுவோரை இரசனையற்றோர் எனத் தள்ளினர். தள்ளுதல் இரு சாராருக்கும் எளிது. ஒரு கலைவகை எப்போது தோன்றியது, எத்தகைய மக்களின் எத்தகைய தேவைக்கு விடையளித்தது என்பவற்றை ஆராய்ந்த பின்னரே அதன் நிறைகுறைகளை நிறுத்துப் பார்த்தல் முறையாகும்.

அவ்வாறு ஆராயுமிடத்து, இவ்விருவகைப் படங்களும் ஒரே வினாவுக்கு அளிக்கப்பட்ட இரு விடைகள் என்பது புலனாகும். அநீதி தலைவிரித்தாடும் வேளையில் எளிய மனிதன் யாரை நம்புவது என்பதே அவ்வினா. உன்னைக் காக்க ஒருவன் வருவான் என்கிறது வீரப்படம். எவரையும் எளிதில் நம்பிவிடாதே என்கிறது மர்மப்படம். முதலாவது விடை நம்பிக்கை ஊட்டுவது. ஆயின் மனிதனைக் கைகட்டிக் காத்திருக்கச் செய்யவும் வல்லது. இரண்டாவது விடை விழிப்பை ஊட்டுவது; ஆயின் அயலவனையெல்லாம் எதிரியாகக் காணச் செய்யவும் வல்லது. நீதியை நிலைநாட்டும் பணியில் எளிய மனிதனுக்கு எவ்விடத்தை அளிக்கின்றன என்பதைப் பொறுத்தே இப்படங்களின் நிறையும் குறையும் அமைகின்றன என்பதை வரலாற்றுச் சான்றுகள் சிலவற்றைக் கொண்டு எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

அதிமானிட வீரப்படம் அமெரிக்காவிலே பிறந்தது என்பது பொதுவான எண்ணம். அதன் முன்னோடியைத் தேடிச் செல்வோர் முதலாம் உலகப் போர்க் காலத்துப் பாரிஸ் நகருக்குச் செல்ல வேண்டியவராவர். அங்கு கோமொன் நிறுவனத்தில் நெறியாளராகப் பணியாற்றிய லூயி புயாட் என்பார், அக்காலத்தில் பெருவரவேற்புப் பெற்ற தொடர் நாவல்களை அடியொற்றி 1913 ஆம், 1914 ஆம் ஆண்டுகளில் 'பந்தோமாஸ்' என்னும் ஐந்து படங்களை உருவாக்கினார். பந்தோமாஸ் முகமூடி அணிந்த கொள்ளையன்; ஆயிரம் வேடம் பூண்பவன்; எத்தனை முறை வளைத்தாலும் தப்பிவிடுபவன். அடுத்து 1915-1916 இல், பாரிஸ் நகரையே ஆட்டிப்படைக்கும் குற்றக் கூட்டமொன்றைப் பற்றிய 'வாம்பயர்கள்' என்னும் பத்துப் பகுதித் தொடரை அவர் வெளியிட்டார். கறுப்பு உடையில் கூரைகளின்மேல் ஊர்ந்து செல்லும் கொள்ளைக்காரி வேடத்தில் மியூசிடோரா என்னும் நடிகை பெரும்புகழ் எய்தினார். பழக்கமான தெருக்களையும் வீடுகளையும் காட்டி, அவற்றின் சுவர்களுக்குப் பின்னால் ஆபத்து ஒளிந்திருப்பதாக உணரவைத்தமையே இப்படங்களின் வெற்றிக்குக் காரணம். மர்மப்படத்தின் இலக்கணம் இங்கேயே வகுக்கப்பட்டுவிட்டது எனலாம்.

குற்றவாளியைக் கவர்ச்சிக்குரியவனாக்கும் படங்கள் என்ற கண்டனம் விரைவில் எழுந்தது. காவற்றுறையினரும் 'வாம்பயர்கள்' தொடருக்குச் சிறிது காலம் தடை விதித்தனர். இந்நிலையில் புயாட் 1916 இல் படமாக்கி 1917 இல் வெளியிட்ட தொடரே 'யூடெக்ஸ்' ஆகும். யூடெக்ஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு நீதிபதி என்பது பொருள். கரிய மேலங்கியும் அகன்ற தொப்பியும் அணிந்த அவ்வீரன், தன் குடும்பத்தைச் சீரழித்த வங்கி முதலாளியைப் பழிவாங்க வருபவன். மறைவிடம், மாற்று வேடம், விந்தைக் கருவிகள், தனிமையான நீதி வேட்கை ஆகிய அனைத்தும் அவனிடம் உள்ளன. பின்னாளில் எழுந்த பட்மானின் சாயலை அவனிடத்தே காண்பது கடினமன்று.

ஆகவே வீரனும் கொள்ளையனும் ஒரே நெறியாளரின் ஒரே பட்டறையில் உருவானவர்கள். மேலங்கி ஒன்றே, அதை அணிந்தவனின் நோக்கமே மாறியது. சட்டத்துக்கு வெளியே நின்று குற்றம் புரிபவனுக்கும், சட்டத்துக்கு வெளியே நின்று நீதி வழங்குபவனுக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறுகியது என்ற உண்மை இவ்வகைகளின் பிறப்பிலேயே பொதிந்திருந்தது. பிற்கால வரலாறு முழுவதும் இவ்வுண்மையின் விரிவுரையாகவே அமைந்தது.

பேர்லின் நகரின் அச்சம்

போரிலே தோற்ற யேர்மனியில் மர்மப்படம் புதிய ஆழம் பெற்றது. பிரிற்ஸ் லாங் என்னும் நெறியாளர் 1922 இல் இரு பாகங்களாக வெளியிட்ட 'சூதாடி டொக்டர் மபுசே' என்னும் படத்தில், மனோவசியத்தாலும் மாறுவேடங்களாலும் பங்குச் சந்தையையும் சூதாட்ட விடுதிகளையும் தன் கைக்குள் வைத்திருக்கும் ஒருவன் சித்திரிக்கப்பட்டான். அடுத்த ஆண்டே யேர்மன் நாணயம் பெறுமதி இழந்து, ஒரு பாண் வாங்கக் கட்டுக்கட்டாகத் தாள்கள் தேவைப்படும் நிலை ஏற்பட்டது. தமது வாழ்வைக் கண்ணுக்குத் தெரியாத கையொன்று ஆட்டுவிக்கின்றது என்ற மக்களின் உணர்வுக்கு அப்படம் முன்கூட்டியே உருவம் கொடுத்திருந்தது.

லாங்கின் மிகச் சிறந்த மர்மப்படம் 1931 இல் வெளிவந்த 'எம்' ஆகும். நகரொன்றிலே சிறுமிகள் தொடர்ந்து கொல்லப்படுகின்றனர். கொலைகாரன் யாரெனத் தெரியாத நிலையில் மக்கள் ஒருவரையொருவர் ஐயுறத் தொடங்குகின்றனர். தெருவிலே சிறுமியொருத்தி கேட்ட கேள்விக்கு மறுமொழி சொன்ன முதியவர்கூடக் கூட்டத்தின் கையில் அகப்பட்டுத் தவிக்கின்றார். காவற்றுறையினரின் சோதனைகளால் தொழில் கெட்ட கள்வர் கூட்டம், கொலைகாரனைத் தானே தேடிப் பிடித்து, பாழடைந்த கட்டடமொன்றில் விசாரணை நடத்துகின்றது. குழந்தைகளைக் கொன்றவன்மீது பார்ப்போர் கொண்ட வெறுப்பு உச்சமடைந்த வேளையில், பீற்றர் லோரே என்னும் நடிகர் அக்கொலைகாரனாக நின்று, தன்னுள்ளிருந்து தன்னை விரட்டும் வெறியைத் தன்னால் அடக்க முடியவில்லை எனக் கதறும் காட்சி அவ்வெறுப்பையே திகைக்க வைக்கின்றது. தீர்ப்பளிக்கக் குழுமியிருப்போர் யாவரும் குற்றவாளிகள் என்பதும் அப்போதுதான் உறைக்கின்றது.

குழந்தைகளைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, தண்டனை எதுவும் பிள்ளைகளை மீட்டுத் தராது என்றும், பிள்ளைகளைக் காப்பது பெரியவர்களின் கடமை என்றும் உணர்த்துவதோடு படம் முடிகின்றது. மர்மப்படத்தின் உயர்ந்த நிறை இதுவே. பார்ப்போர் கொண்ட ஐயத்தை முதலில் வளர்த்து, பின்னர் அவ்வையத்தையே விசாரணைக் கூண்டில் நிறுத்தி, இறுதியிற் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைக்கின்றது. இரண்டாண்டுகளின் பின் நாற்சிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். லாங் நெறிப்படுத்திய 'டொக்டர் மபுசேயின் மரண சாசனம்' என்னும் படம் 1933 இல் யேர்மனியில் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். கூட்ட வெறியை ஐயுறக் கற்பித்த கலைஞனுக்குக் கூட்ட வெறியை மூலதனமாகக் கொண்ட ஆட்சியில் இடமிருக்கவில்லை.

எளியோரின் கனவு

அதே காலத்தில் அமெரிக்கா 1929 இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியிற் சிக்கியிருந்தது. ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் ஜெரி சீகல், ஜோ ஷூஸ்ரர் என்னும் இரு இளைஞர் வாழ்ந்தனர். இருவரும் புலம்பெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். 1932 இல் சீகலின் தந்தையார் தமது கடையில் நிகழ்ந்த கொள்ளையின்போது மாரடைப்பால் உயிரிழந்தார். இவ்விருவரும் படைத்த சுப்பர்மான் 1938 ஆம் ஆண்டு 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாவது இதழில் தோன்றினான். அழிந்துபோன கிரகமொன்றிலிருந்து குழந்தையாக அனுப்பப்பட்டு, அந்நிய மண்ணில் வளர்ந்து, பகலில் கூச்சமுள்ள பத்திரிகையாளனாக நடமாடும் அவன், தன்னை ஒருவரும் மதிக்கவில்லையே என ஏங்கும் ஒவ்வொரு புலம்பெயர்ந்தோனின் கனவாகவும் விளங்கினான்.

முதலாண்டுக் கதைகளில் சுப்பர்மான் எத்தகையோரை எதிர்த்தான் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மனைவியை அடித்துத் துன்புறுத்தும் கணவன், தொழிலாளரின் உயிரைப் பொருட்படுத்தாத சுரங்க முதலாளி, ஊழலுக்குத் துணைபோகும் அரசியல்வாதி ஆகியோரே அவனுடைய எதிரிகள். வறியோர் வாழும் சேரிகளை இடித்து, அவ்விடத்தில் நல்ல வீடுகளை அரசே கட்டித்தரும்படி செய்த கதையும் உண்டு. சட்டம் எட்டாத இடத்தில் எளியோர் பக்கம் நிற்பவனாகவே அதிமானிட வீரன் பிறந்தான். அவ்வகையின் முதன்மையான நிறை இதுவாகும். அடித்தவன் அடிபடவும் அழுதவன் சிரிக்கவும் ஒரு நாள் வரும் என்னும் எதிர்பார்ப்பு, துயருற்ற மக்களுக்குச் சோற்றுக்கு அடுத்த தேவையாகும். அதனை இழிந்த உணர்வெனத் தள்ளுதல் தகாது.

முகமூடிக்குள் மறைந்த பகைமை

எதிரி யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அதிகாரத்தின் கைக்கு மாறும்போது இதே வீரன் எவ்வளவு ஆபத்தானவனாக மாறுவான் என்பதை 1943 ஆம் ஆண்டு காட்டிற்று. கொலம்பியா நிறுவனம் அவ்வாண்டு பதினைந்து பகுதிகளாக வெளியிட்ட 'பட்மான்' திரைத்தொடரே அவ்வீரன் திரையிலே தோன்றிய முதற் படமாகும். அதில் எதிரி டாக்கா என்னும் யப்பானிய உளவாளி. அவ்வேடத்தை ஏற்றவரோ யப்பானியரல்லர். ஒப்பனை பூசிய அமெரிக்க நடிகரே. நகரின் யப்பானியக் குடியிருப்பு வெறிச்சோடிக் கிடப்பதைக் காட்டும் காட்சியில், அம்மக்களை அப்புறப்படுத்திய அரசின் செயலைப் பின்னணிக் குரல் வெளிப்படையாகவே பாராட்டுகின்றது.

போர்க்கால அச்சம் கற்பனையன்று என்பது உண்மையே. 1941 டிசெம்பரில் பேர்ல் துறைமுகமும், 1942 ஏப்ரிலில் கொழும்பும் திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. ஆயினும் அமெரிக்காவிலே முகாம்களில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 1,20,000 பேரிற் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்கள். குற்றஞ்சாட்டப்படாமலும் விசாரிக்கப்படாமலும் வீடு வாசலை இழந்து வெளியேற்றப்பட்டவர்கள். அச்செயல் தவறென 1988 இல் அமெரிக்க அரசு சட்டமியற்றி மன்னிப்புக் கோரி இழப்பீடும் வழங்கியது. வாராவாரம் படமாளிகையில் கைதட்டிய சிறுவர்களுக்கோ அந்நாளில் முகமூடி வீரன் கற்பித்த பாடம் வேறு. எளியோருக்காகப் பிறந்த வீரன் ஐந்தே ஆண்டுகளில் எளியோரை வெறுக்கக் கற்பிக்கும் கருவியானான். நன்மையும் தீமையும் முகத்திலேயே எழுதப்பட்டிருக்கும் என்ற எளிமையே இவ்வகையின் முதற் குறையாகும்.

இவ்விடத்தில் தமிழ்த் திரையுலகின் சான்றொன்றை ஒப்புநோக்குதல் பொருந்தும். வீணை வித்துவானாகவும் விளங்கிய எஸ். பாலசந்தர் நெறிப்படுத்தி, ஏ.வி.எம். நிறுவனம் 1954 இல் வெளியிட்ட 'அந்த நாள்' அதே 1943 ஆம் ஆண்டையே களமாகக் கொண்டது. சென்னைமீது யப்பானியக் குண்டு வீழ்ந்த காலத்தில் வானொலிப் பொறியியலாளன் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகின்றான். கொன்றவர் யார் என்பதை ஒவ்வொருவரின் கூற்று வாயிலாகவும் படம் விசாரிக்கின்றது. பாடலும் ஆடலும் இன்றித் தமிழ்ப்படம் இல்லை என்றிருந்த காலத்தில் ஒரு பாடலுமின்றி அது வெளிவந்தது. வெளிவந்த காலத்தில் அது பெருவெற்றி ஈட்டவில்லை. ஆயின் அப்படம் கண்ட துரோகி அந்நியனல்லன்; தன் திறமையை மதிக்காத நாட்டின்மீது வெறுப்புற்ற, அறிவு மிக்க சொந்த நாட்டவனே. சிவாஜி கணேசன் அவ்வேடத்தை ஏற்றமையால் இரசிகரின் அன்புக்குரிய முகமே குற்றத்தின் முகமுமாயிற்று. துரோகம் எவ்வாறு விளைகின்றது என்று 'பட்மான்' தொடர் கேட்கவேயில்லை. 'அந்த நாள்' அக்கேள்வியைக் கேட்டது. வீரப்படத்தின் குறையை மர்மப்படம் நிறைவு செய்யும் விதத்துக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

ஐயத்தின் பயனும் நஞ்சும்

மர்மப்படத்தின் நுட்பங்களை வளர்த்தோருள் தலையாயவர் அல்பிரட் ஹிட்ச்கொக் ஆவார். 1927 இல் இலண்டனைக் களமாகக் கொண்டு அவர் உருவாக்கிய 'வாடகைக் குடியிருப்பாளன்' என்னும் ஊமைப்படத்திலேயே அவருடைய அக்கறை தெளிவாயிற்று. தொடர் கொலைகளால் நடுங்கும் நகரில், புதிதாகக் குடிவந்த இளைஞன்மீது வீட்டாருக்கு ஐயம் எழுகின்றது. இறுதியில் கைவிலங்குடன் ஓடும் அவனை மக்கள் கூட்டம் துரத்திச் சென்று அடித்துக் கொல்ல முனைகின்றது. அவனோ குற்றமற்றவன். அதுவரை அவனை ஐயுற்று இருக்கையின் நுனியில் அமர்ந்திருந்த பார்வையாளர், தாமும் அக்கூட்டத்தில் ஒருவராகவே இருந்ததை உணர்கின்றனர்.

திடுக்கிடவைத்தலுக்கும் பதைபதைப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரெஞ்சு நெறியாளர் திருபோவுடன் நடத்திய உரையாடலில் ஹிட்ச்கொக் விளக்கியுள்ளார். மேசையின் கீழே குண்டு இருப்பதை அறியாத பார்வையாளர், அது வெடிக்கும்போது சில கணங்களே திடுக்கிடுவர். குண்டு இருப்பதை அறிந்த பார்வையாளரோ, மேசையில் உரையாடிக் கொண்டிருப்போரை எச்சரிக்க இயலாமல் நிமிடக் கணக்கில் தவிப்பர். அறிந்தும் உதவ முடியாத அத்தவிப்பிலே பிறர்மேற் கொள்ளும் பரிவு பிறக்கின்றது. கலைநுட்பம் அறவுணர்வாகும் இடம் இது. 1954 இல் வெளிவந்த 'பின்புற ஜன்னல்' இன்னும் ஒருபடி மேலே சென்றது. கால் முறிந்து வீட்டில் அடைந்திருக்கும் புகைப்படக் கலைஞன் அயல் வீடுகளை நோட்டமிட்டு, கொலையொன்று நிகழ்ந்திருப்பதாக ஐயுறுகின்றான். அவனுடைய ஐயம் சரியாகவே முடிகின்றது. ஆயின் அயலாரின் வாழ்வை எட்டிப் பார்க்கும் உரிமையை அவனுக்கும், இருளில் அமர்ந்து படம் பார்ப்போருக்கும் அளித்தவர் யார் என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

இவ்வகையின் குறையும் ஹிட்ச்கொக்கின் படமொன்றின் பின்னரே பெருகியது. 1960 இல் வெளிவந்த 'சைக்கோ'வில் கதாநாயகி எனக் கருதப்பட்டவள் படத்தின் நடுப்பகுதிக்கு முன்னரே குளியலறையிற் கொல்லப்படுகின்றாள். அக்காட்சியின் பின் திரையில் எவருக்கும் பாதுகாப்பில்லை என்றாயிற்று. அதன் படத்தொகுப்பைப் போற்றியோர் பலர். ஆயின் அதைப் பின்பற்றியோரிற் பலர் நுட்பத்தை விடுத்துக் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டனர். 1980 களில் வரிசை வரிசையாக வெளிவந்த கொலைப்படங்களில் இளம்பெண்களின் அலறலே விற்பனைப் பொருளாயிற்று. கொல்லப்படுபவருக்குப் பெயரும் வாழ்வும் இல்லாதபோது, பார்ப்பவரின் அச்சம் பரிவாக மலர்வதில்லை, அது மரத்துப்போகின்றது. துன்பத்தைக் காட்சிப்பொருளாக்குதலும், காரணமின்றி யாவரையும் ஐயுறப் பழக்குதலும் மர்மப்படத்தின் பெருங்குறைகளாகும்.

ஐயத்தைச் சரியான இலக்கின்மீது திருப்பும் மர்மப்படம் எத்தகைய ஆற்றல் பெறும் என்பதற்கு 1969 இல் கொஸ்தா கவ்ராஸ் நெறிப்படுத்திய 'இசட்' சான்றாகும். 1963 இல் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் சமாதான இயக்கத்தவரும் பாராளுமன்ற உறுப்பினருமான கிறிகோறிஸ் லம்பிறாகிஸ் தாக்கப்பட்டு உயிரிழந்தார். விபத்தென மூடிமறைக்கப்படவிருந்த அந்நிகழ்வை விசாரணை நீதவான் ஒருவர் விடாப்பிடியாக ஆராய்ந்து, காவற்றுறை உயரதிகாரிகளின் தொடர்பை வெளிப்படுத்தினார். இதனைத் தழுவிய படம் இராணுவ ஆட்சி நிலவிய கிரேக்கத்தில் எடுக்கப்பட முடியாமல் அல்ஜீரியாவிலே படமாக்கப்பட்டது. கிரேக்கத்திலே தடையும் செய்யப்பட்டது. அதில் பறக்கும் வீரனில்லை. தட்டச்சுப் பொறியும் சாட்சிகளும் சலிப்பில்லாத வினாக்களுமே ஆயுதங்கள். உண்மையான நீதவான் கிறிஸ்தோஸ் சார்ட்செற்றாகிஸ் இராணுவ ஆட்சியிற் சிறைவைக்கப்பட்டார். 1985 இல் அந்நாட்டின் சனாதிபதியானார். படத்தின் முடிவோ வெற்றிக் களிப்பை அளிக்கவில்லை. சாட்சிகள் இறப்பதையும் ஆட்சி கவிழ்க்கப்படுவதையும் கூறி முடிகின்றது. எஞ்சிய பணி பார்ப்போருடையது என்பதே அதன் குறிப்பு.

பூமியைத் திருப்பிச் சுழற்றியவன்

1978 இல் றிச்சாட் டொனர் நெறிப்படுத்திய 'சுப்பர்மான்' அதிமானிட வீரப்படத்துக்குப் புதுவாழ்வு அளித்தது. கிறிஸ்தோபர் றீவ் கூச்சமுள்ள பத்திரிகையாளனையும் வானில் பறக்கும் வீரனையும் வேறுவேறு மனிதராகவே காட்டி நடித்தார். வியற்நாம் போரும் உவோட்டகேற் ஊழலும் நம்பிக்கையைச் சிதைத்திருந்த நாட்டில், பொய் சொல்லாத வீரனொருவனைக் காண மக்கள் விரும்பினர். ஆயின் அதன் உச்சக்கட்டம் கவனத்துக்குரியது. காதலி இறந்துவிட, வீரன் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கிச் செலுத்தி அவளை மீட்கின்றான். இழப்பை ஏற்க மறுக்கும் இதயம் அக்காட்சியில் உருகுவது இயல்பே. ஆனால் நடந்ததை நடவாததாக்கும் ஆற்றல் வீரனிடம் உண்டெனில், தியாகத்துக்கும் துயருக்கும் பொறுப்புக்கும் பொருளேது? மரணத்துக்கு விலையில்லாத கதையில் உயிருக்கும் விலையில்லை.

இக்குறை 2008 இல் 'அயன்மான்' படத்துடன் தொடங்கிய மார்வெல் படவரிசையில் மேலும் விரிந்தது. 2019 இல் வெளிவந்த 'அவெஞ்சர்ஸ்: என்ட்கேம்' உலகெங்கும் 279 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. அதிலும் பிரபஞ்சத்தின் பாதி உயிர்களின் அழிவு காலப் பயணத்தால் மாற்றப்படுகின்றது. இத்தகைய படங்கள் களியாட்டப் பூங்காக்களையே ஒத்தவை என நெறியாளர் மார்ட்டின் ஸ்கோர்செசி அதே ஆண்டில் கூறிய கருத்துப் பெரும் விவாதத்தை எழுப்பியது. அவருடைய கூற்று முழுமையான தீர்ப்பாகாது. 2018 இல் வெளிவந்த 'பிளாக் பாந்தர்' ஆபிரிக்க வழிவந்த மக்களை அடிமைகளாகவோ ஏவலராகவோ காட்டாது, அறிவியலில் முன்னின்ற அரசொன்றின் மக்களாகக் காட்டியது. சீகலும் ஷூஸ்ரரும் 1938 இல் கண்ட எளியோரின் கனவு எண்பது ஆண்டுகளின் பின்னரும் வற்றிவிடவில்லை என்பதற்கு அது சான்று.

வீரப்படமும் மர்மப்படமும் மீண்டும் ஒன்றையொன்று சந்தித்த இடமாகக் கிறிஸ்தோபர் நோலனின் 'இருண்ட மாவீரன்' என்னும் 2008 ஆம் ஆண்டுப் படத்தைக் கொள்ளலாம். குற்றவாளியைப் பிடிக்கும் பொருட்டு நகர மக்கள் அனைவரின் கைத்தொலைபேசிகளையும் பட்மான் வேவு பார்க்கின்றான். ஒரு மனிதனுக்கு இவ்வளவு அதிகாரம் தகாது என அவனுடைய உதவியாளரே எதிர்க்கின்றார். ஐயம் இங்கு வீரன்மீதே திரும்புகின்றது. அப்படத்தின் அறநெறி உச்சம் வீரனின் சண்டையில் இல்லை. வெடிகுண்டு பொருத்தப்பட்ட இரு படகுகளில் ஒன்றில் கைதிகளும் மற்றொன்றில் பொதுமக்களும் உள்ளனர். மற்றப் படகைத் தகர்ப்போர் தாம் பிழைக்கலாம் எனக் கூறப்படுகின்றது. பெயரற்ற அம்மனிதர் இரு படகிலும் அதனைச் செய்ய மறுக்கின்றனர். நகரைக் காத்தவர்கள் அவர்களே. 2004 இல் வெளிவந்த சாம் றைமியின் 'ஸ்பைடர்மான் 2' இலும், ஓடும் புகையிரதத்தை நிறுத்திக் களைத்து மயங்கிய வீரனைப் பயணிகள் தம் கைகளிலே ஏந்திச் சென்று கிடத்தி, அவனுடைய முகத்தைக் கண்டும் இரகசியம் காக்கின்றனர். காக்கப்பட்டோர் காப்போராக மாறும் அக்கணங்களே இவ்வகைப் படங்களின் பெருமைக்குரிய கணங்கள்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, எந்த வகையும் தன்னளவில் உயர்ந்ததோ தாழ்ந்ததோ அன்று என்பது தெளிவாகும். மக்களை வெறும் பார்வையாளராக ஒதுக்கும்போது வீரப்படம் காத்திருக்கப் பழக்குகின்றது. மர்மப்படம் அஞ்சியிருக்கப் பழக்குகின்றது. மக்களிடம் பொறுப்பைக் கையளிக்கும்போது முன்னது துணிவையும் பின்னது தெளிவையும் அளிக்கின்றது.

இவ்வுண்மையை விளக்கத் திரைக்கு வெளியே நிகழ்ந்த ஒன்றே போதுமானது. சுப்பர்மானின் உரிமையைச் சீகலும் ஷூஸ்ரரும் 1938 இல் 130 டொலருக்கு விற்றிருந்தனர். அவ்வீரன் பதிப்பாளருக்கும் படத் தயாரிப்பாளருக்கும் கோடிக்கணக்கில் ஈட்டிக் கொடுத்தபோது, அவனைப் படைத்தவர்கள் வழக்காடித் தோற்று வறுமையில் உழன்றனர். ஷூஸ்ரரின் கண்பார்வையும் மங்கியது. பெருஞ்செலவிலான திரைப்படம் தயாராகவிருந்த 1975 இல், சீகல் பத்திரிகைகளுக்குத் தம் குறையைப் பகிரங்கமாக எழுதினார். சக ஓவியர்கள் அவருக்காகக் குரல் எழுப்பினர். பத்திரிகைகள் அச்செய்தியை வெளியிட்டன. அவ்வாண்டின் இறுதியில் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் ஓய்வூதியமும், படைப்பாளர் என்ற பெயருரிமையும் கிடைத்தன. 1978 இல் திரையிடப்பட்ட படத்தின் தொடக்கத்தில் அவ்விருவரின் பெயர்களும் இடம்பெற்றன.

முப்பத்தேழு ஆண்டுகளாக அநீதிக்குள்ளான அம்முதியோரைக் காக்க வானிலிருந்து எவரும் இறங்கி வரவில்லை. ஒருவர் எழுதினார், சிலர் உடன் நின்றனர், பலர் அறிந்தனர். நீதி அவ்வாறே வந்தது. அதுவும் காலந்தாழ்த்தியே வந்தது. படமாளிகையின் இருளில் வீரனுக்காகக் கைதட்டுவதில் தவறில்லை. விளக்குகள் ஏற்றப்பட்ட பின்னர் அருகிலிருப்பவன் எதிரியோ என்று ஐயுறாமலும், தூரத்தில் ஒருவன் வருவான் என்று காத்திராமலும் எழுந்து நடக்க எந்தப் படம் கற்பிக்கின்றதோ, அதுவே சிறந்த படமெனக் கொள்ளற்பாலது.